நெருப்பில்லாத கணப்பும் இடமில்லாத சிற்பமும்

தென்கொல்கத்தாவில் கரியாஹாட்டைச் சுற்றி எழும் புதிய அடுக்ககங்களின் வரவேற்பறைகளில் ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. கூடத்தின் ஒரு சுவரில் கணப்பு போன்றதோர் அமைப்பு. உள்ளே விறகில்லை, சாம்பலில்லை. மின்விளக்கு மட்டும் தீக்கொழுந்தைப் போல நடுங்குகிறது. அதற்கு மேலே, புகைபோக்கி இருந்திருக்க வேண்டிய இடத்தில், சுவருக்குள் சற்றே உள்வாங்கிக் கூரைவரை உயர்ந்து செல்லும் ஒரு மாடம். வெளியேற்றப் புகையில்லாததால் அந்த மாடத்துக்கு வேலையும் இல்லை. வேலையற்ற அந்த உயரத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு உள் அலங்காரத் தொழில் ஆயத்தமாக ஒரு விடையை வைத்திருக்கிறது: செதுக்குவேலை ஏதாவது வைத்து நிரப்பிவிடலாம்.

வழக்காட வேண்டியது அந்த 'ஏதாவது' என்ற சொல்லோடுதான். பழைய நிலைவாசலின் மேற்கட்டை, தேரிலிருந்து கழற்றிய பலகை, சுடுமண் ஓடு, பிசினில் வார்த்த புத்தர் தலை, கணினி வெட்டித் தந்த மரத்தூள் அட்டை ஆகியவற்றுள் எதுவும் அந்த இடத்துக்கு ஒத்துவரும் என்று கருதப்படுகிறது. எதுவும் ஒத்துவரும் என்றால், எதுவும் அந்த இடத்துக்கு உரியதன்று என்றே பொருள். செதுக்குவேலையை வெற்றிடம் நிரப்பும் பஞ்சாகக் கருதும் இந்த மனப்போக்கு, கரியாஹாட்டின் பழைய வீடுகளுக்கும் தொலைதூரக் கோயில்களுக்கும் உயிரோடிருக்கும் கைவினைஞர்க்கும் ஒருசேரத் தீங்கு செய்கிறது. சுவர் தனியாருடையது, தீங்கு தனியாரோடு நிற்பதில்லை.

முதலில் கணப்பு. கொல்கத்தாவில் சனவரி மாதத்துச் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை ஏறத்தாழ 14 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிருக்கு அந்நகரம் கண்ட தீர்வு காதை மூடும் குரங்குக் குல்லாய்; அதைச் சொல்லித் தம்மைத் தாமே கேலி செய்துகொள்வதும் வங்காளிகளின் வழக்கம். ஆங்கிலேயர் காலத்து மாளிகைகள் சிலவற்றில் கணப்புகள் இருந்தது உண்மையே. தம் ஊர்ப் பழக்கத்தை விடமுடியாதவர்கள் கட்டிக்கொண்டவை அவை. ஆனால் அவற்றுள் நெருப்பு எரிந்தது. புகை மேலே சென்றது. புகைபோக்கிக்காகச் சுவரில் ஓர் உயர்ந்த பகுதி ஏற்பட்டது. கண் அங்கே செல்வதால் அங்கே ஓவியமோ ஆடியோ செதுக்குவேலையோ இடம்பெற்றது. காரணத்திலிருந்து வடிவம், வடிவத்திலிருந்து அலங்காரம் என்று அதற்கொரு வரிசை இருந்தது. இன்றைய அடுக்ககத்தில் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. அலங்காரம் வேண்டுமென்பதற்காக மாடம், மாடம் வேண்டுமென்பதற்காகக் கணப்பு, கணப்பு என்று நம்பவைப்பதற்காக நடுங்கும் விளக்கு.

தமிழ் வாசகருக்கு இங்கே நெடுநல்வாடை நினைவுக்கு வரவேண்டும். பத்துப்பாட்டில் வாடைக்கால இரவைப் பாடும் அந்நூலில் குளிர்காயும் நெருப்பும் உண்டு, செதுக்குவேலையும் உண்டு. நெருப்பு இருப்பது அகன்ற வாயுடைய தடவில். அதாவது வேண்டிய இடத்துக்கு எடுத்துச் சென்று, குளிர் போனதும் அப்புறப்படுத்தக்கூடிய கணப்புச் சட்டியில். செதுக்குவேலை இருப்பதோ அரண்மனையின் வாயிலில். நிலைக்கு மேலுள்ள உத்தரத்தில் நடுவே திருமகளும், இருபுறமும் மலர்களும் பிடியானைகளும் அமைந்திருந்தமையை நச்சினார்க்கினியர் உரை விளக்குகிறது. கட்டடக் கலை வல்லோர் நூல் பிடித்துத் திசை குறித்து அளந்த செய்தியும் அதே பகுதியில் வருகிறது. நெருப்பு பருவத்துக்கு உரியது, ஆகவே நகரக்கூடியது. சிற்பம் கட்டடத்துக்கு உரியது, ஆகவே சுமை தாங்கும் இடத்தில், வருவோரை எதிர்கொள்ளும் வாயிலில், அசையாமல் நிற்கிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இந்த எளிய பகுத்தறிவு இன்றைய அலங்காரத் தொழிலுக்கு எட்டவில்லை.

வாயிலுக்கும் தெருவுக்கும் முகம் காட்டும் அந்த மரபு கரியாஹாட்டுக்கும் அயலானதன்று. கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை 1912இல் பணியைத் தொடங்கிய பின், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நகரம் தெற்கு நோக்கி விரிந்தது. ராஸ்பிஹாரி அவென்யூ, சதர்ன் அவென்யூ, இன்று ரவீந்திர சரோவர் எனப்படும் தாக்குரியா ஏரி ஆகியவை உருவாயின. அவற்றை ஒட்டி வழக்கறிஞர், மருத்துவர், பேராசிரியர் போன்ற நடுத்தர வகுப்பார் வீடுகள் கட்டினர். லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்ததும் அத்தகைய வீடுகளில்தான். பெரிய கட்டடக் கலைஞரின் பெயர் எதுவும் பெரும்பாலான அவ்வீடுகளுக்கு இல்லை. ஆனால் உள்ளங்கை அகலக் காற்றுத் துளைகளில்கூடப் பூவேலை இருந்தது. இரும்புக் கிராதியில் உதயசூரியன் இருந்தது. மாடி முகப்பின் விளிம்பில் சுதை வளைவுகள், பச்சை வண்ணம் பூசிய மரச்சட்டச் சன்னல்கள், செங்காவி மெழுகிய தரை, தெருவை ஒட்டி வங்காளிகள் 'ரக்' என்றழைக்கும் திண்ணை.

அவ்வீடுகளின் அலங்காரம் பெரும்பாலும் வெளியே இருந்தது என்பதே கருதத்தக்கது. காற்றுத் துளையின் பூவேலையை வீட்டுக்காரரைவிட மிகுதியாகப் பார்த்தவர் எதிர்வீட்டுக்காரர். கிராதியின் சூரியனைப் பார்த்தவர் மீன் வாங்கிக்கொண்டு கரியாஹாட் சந்தையிலிருந்து திரும்பியவர். தச்சருக்கும் கொல்லருக்கும் கூலி கொடுத்தவர் ஒருவர், அழகை நுகர்ந்தது ஒரு தெரு. எழுத்தாளர் அமித் சௌதுரி 2015இல் இவ்வீடுகளைக் காக்கவேண்டி ஓர் இயக்கத்தைத் தொடங்கியபோது அவர் முதன்மையாகச் சுட்டியதும் இத்தகைய பெயரற்ற வீடுகளின் தனித்தன்மையையே. தலைவர்கள் பிறந்த வீடுகளையும் ஆங்கிலேயர் மாளிகைகளையும் மட்டுமே பாரம்பரியம் என்று எண்ணும் பட்டியல்களுக்குள் இவை எளிதில் வருவதில்லை. எனவே 'புரொமோட்டர்' வருகிறார்; வீடு போகிறது; அடுக்ககம் எழுகிறது.

அடுக்ககத்தின் முகப்பைப் பாருங்கள். கண்ணாடி, பளபளக்கும் ஓடு, குளிர்பதனப் பெட்டிகளின் முதுகு. தெருவுக்குத் தருவதற்கு அதனிடம் ஒரு பூவேலைகூட இல்லை. உள்ளே சென்று பாருங்கள்: நெருப்பில்லாத கணப்புக்கு மேலே, மூவாள் உயரச் செதுக்குவேலை. தெருவிலிருந்து பறிக்கப்பட்ட அழகு பூட்டிய கதவுக்குள் தனியுடைமையாகிறது. இடித்தவரும் அலங்கரிப்பவரும் வெவ்வேறு ஆட்களாயிருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே சந்தையின் இரு கைகள்.

இச்சந்தையின் சரக்கு எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டு வாசகர் காரைக்குடியை அறிவர். பர்மாத் தேக்கில் இழைத்த செட்டிநாட்டு நிலைவாசல்களில், நெடுநல்வாடை சொல்லும் அதே திருமகளும் யானைகளும் மேற்கட்டையில் வீற்றிருப்பர். பங்காளிகள் பெருகிப் பராமரிக்க முடியாமற்போன வீடுகள் பிரிக்கப்படும்போது, தூணும் கதவும் மேற்கட்டையும் முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளை வந்தடைகின்றன. கீழே நுழைவோரின் தலைக்கு மேல் நின்று வாழ்த்திய திருமகள், அங்கிருந்து ஏதோ ஒரு நகரத்துச் சோபாவுக்குப் பின்னால் செங்குத்தாக நிறுத்தப்படுகிறாள். கிடைமட்டமாக இருக்கவேண்டிய உத்தரத்தை, மாடம் உயரமாயிருக்கிறது என்பதற்காகத் திருப்பி நிமிர்த்தி மாட்டுகிறவர்களும் உண்டு. யானைகள் பக்கவாட்டில் விழுந்துகிடப்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை.

தேர்ச் சிற்பங்களின் கதையும் இதுவே. தேரின் அடித்தட்டில் அடுக்கடுக்காகப் பொருத்தப்படும் மரச்சிற்பங்கள் ஒரு வரிசைக்குள் பொருள் பெறுபவை. பழுதான தேரைப் புதுப்பிக்கும்போது கழற்றப்படும் பலகைகள் கணக்கில்லாமல் வெளியேறி, உலகின் பல ஏலக்கூடங்களிலும் வீட்டு அலங்காரக் கடைகளிலும் தலைகாட்டுகின்றன. வங்காளத்துக்கே உரிய சரக்கும் உண்டு. விஷ்ணுபூரில் 1643இல் எழுந்த சியாம்ராய் கோயிலும் 1655இல் எழுந்த ஜோர்பாங்களாவும் கல் அரிதான நாட்டில் மண்ணைச் சுட்டே காவியம் செய்யலாம் என்று காட்டியவை. இராமாயணப் போர், கண்ணன் லீலை, வேட்டை, படகு என ஓட்டுக்கு ஓடு கதை தொடரும். அதிலிருந்து ஓர் ஓட்டைப் பெயர்ப்பவன் ஒரு நூலிலிருந்து ஒரு தாளைக் கிழிப்பவன். காவலற்ற சிற்றூர்க் கோயில்கள் பல வங்காளத்தில் இவ்வாறு தாள் தாளாகக் கிழிந்துகொண்டிருக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் அலங்காரத் தொழிலார் வைத்திருக்கும் முதல் எதிர்வாதம் மீட்பு வாதம். வாங்கியிராவிட்டால் விறகாகியிருக்கும், மழையில் மட்கியிருக்கும், ஒரு நல்ல சுவரில் பாதுகாப்பாக இருப்பது நல்லதல்லவா என்பர். சில வேளைகளில் இது மெய்யே. ஆனால் மேற்கட்டைக்கு நல்ல விலை உண்டென்பதே வீட்டைப் பழுதுபார்ப்பதைவிடப் பிரிப்பதை ஆதாயமாக்குகிறது. மேலும், மீட்பு என்று சொல்பவர் மீட்டதற்குக் கணக்கு வைத்திருக்க வேண்டும். எந்த ஊர், எந்த வீடு, எந்த ஆண்டு கழற்றப்பட்டது, செய்த தச்சரின் வழியினர் யார் என்று கேட்டால் விடை வருகிறதா? 'பழசு, ஒரிஜினல்' என்ற இரு சொற்களுக்கு மேல் கடைச்சீட்டில் எதுவும் இருப்பதில்லை. ஊரும் பேரும் அழிந்த பொருளை மீட்டதாகச் சொல்லமுடியாது.

இடம்பெயர்ந்த சிற்பம் எப்படி மதிக்கப்படலாம் என்பதைக் கொல்கத்தாவே காட்டியிருக்கிறது. 1814இல் நிறுவப்பட்ட இந்திய அருங்காட்சியகத்தில் பார்ஹுத் தூபியின் கல்வேலி நிற்கிறது. கன்னிங்ஹாம் 1873இல் கண்டறிந்த அதன் எஞ்சிய பகுதிகள் சிதைந்த மேட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவைதாம். ஊர்விட்டு ஊர் வந்தவைதாம். ஆயினும் அங்கே அவை வேலியாகவே நிறுத்தப்பட்டுள்ளன. தூணில் யார் கொடை, குறுக்குக் கல்லில் யார் கொடை, சிற்பத்தில் எந்தக் கதை என்று பொறித்த பிராமி எழுத்துகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. இடம் மாறினும் வரிசையும் பெயரும் காக்கப்பட்டன. கரியாஹாட்டிலிருந்து அருங்காட்சியகத்துக்கு வெகுதூரமில்லை. அலங்கார நிபுணர் ஒருநாள் அங்கே சென்று வரலாம்.

இரண்டாம் எதிர்வாதம் உரிமை வாதம்: என் சுவர், என் பணம். இதற்குச் சட்டமே முதல் மறுமொழி. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய சிற்பமும் செதுக்குவேலையும் தொல்பொருள். அதை விற்பவர்க்கு உரிமம் வேண்டும். அறிவிக்கப்பட்ட வகைகளை வைத்திருப்பவர் பதிவு செய்யவேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வரவேற்பறையில் மேற்கட்டையை மாட்டிவைத்து அதன் பழமையைச் சொல்லிப் பெருமைப்படுபவர், அதே பழமையைச் சட்டம் கேட்கும்போது மட்டும் 'சும்மா ஒரு பழைய மரம்' என்பது என்ன நேர்மை? ஒன்று அது பழமையானது, பதிவுக்கு உரியது. அன்றேல் அது பழமையற்றது, பெருமைக்கு உரியதன்று.

சட்டத்துக்கு அப்பால் ஓர் அறமும் உண்டு. மாடத்தில் சிற்பம் வைப்பது என்றால் என்ன என்பதைத் தமிழ்க் கோயிற்கலை நுட்பமாக வகுத்திருக்கிறது. கருவறையின் புறச்சுவரில் அமையும் மாடத்துக்குக் கோட்டம் என்று பெயர். முற்காலச் சோழர் கோயிலில் தெற்குக் கோட்டத்தில் தென்முகக் கடவுள், மேற்கில் இலிங்கோத்பவர் அல்லது திருமால், வடக்கில் நான்முகன், அர்த்தமண்டபத்தின் வடபுறத்தில் கொற்றவை என்று திசையும் உருவமும் பெரிதும் இணைந்து நிற்கும். இருபுறமும் அரைத்தூண்கள், மேலே மகரதோரணம். கோட்டத்தின் உயரமும் அகலமும் ஆழமும் சிலையின் தாள அளவோடு சேர்த்தே எண்ணப்படுபவை. குடந்தை நாகேசுவரன் கோயிலின் கோட்டங்களில் நிற்கும் மாந்தர் சுவருக்குள்ளிருந்து அப்போதுதான் வெளியே வருபவர்போல் தோன்றுவதற்குக் காரணம் இந்தக் கணக்கே. அங்கே சுவரையும் சிலையையும் பிரித்து நினைக்கவே இயலாது.

பிரித்து நினைத்தவர்கள் கள்வர்கள். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலில் கோட்டத்தில் நின்ற அர்த்தநாரீசுவரர் கற்சிலை களவுபோய், 2004இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தால் வாங்கப்பட்டது. அதே சிலை கோட்டத்துக்குள் இருந்த நிலையில் எடுக்கப்பட்ட பழைய புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் இருந்தமையால் உண்மை வெளிப்பட்டது. 2014இல், சிறீபுரந்தான் நடராசரோடு சேர்த்து அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு சுவரின் மாடத்தை நிரப்ப இன்னொரு சுவரின் மாடம் வெறுமையாக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்தச் சிலைக்குப் புகைப்படம் இருந்தது. கரியாஹாட் வரவேற்பறைகளை அலங்கரிக்கும் தேர்ப் பலகைக்கும் சுடுமண் ஓட்டுக்கும் புகைப்படம் எடுத்து வைத்தவர் யார்?

இதனால் கணப்புக்கு மேல் செதுக்குவேலையே கூடாது என்று கொள்ளவேண்டியதில்லை. அவ்விடத்தில் இந்தியக் கைவினைஞர் ஒருவர் செய்துகாட்டிய பெருஞ்செயல் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் வைட் தீவில் விக்டோரியா அரசியின் ஆசுபர்ன் மாளிகையில், 1890களின் தொடக்கத்தில் தர்பார் கூடம் உருவானது. லாகூர் மேயோ கலைப்பள்ளியின் முதல்வர் லாக்வுட் கிப்ளிங்கும் அவருடைய மாணவர் பாய் ராம்சிங்கும் அதை வடிவமைத்தனர். பஞ்சாபின் தச்சர் குடியில் பிறந்த ராம்சிங் அங்கேயே தங்கி வேலையை நடத்தினார். வெண்சுதை வேலைப்பாடுகளுக்கு நடுவே, கணப்புக்கு மேலே, தோகை விரித்த மயில் ஒன்று நிற்கிறது. கணப்பின் அகலத்தையும் சுவரின் உயரத்தையும் கூரையின் அணிகளையும் கண்ணால் கண்டு, அவற்றுக்கென்றே எண்ணிச் செய்த மயில் அது. எங்கிருந்தோ பெயர்த்தெடுத்து ஒட்டியதன்று. அரசி அவருடைய உருவத்தை ஸ்வொபோடா என்ற ஓவியரைக் கொண்டு வரையச் செய்தார். ராம்சிங் பின்னாளில் அதே மேயோ பள்ளிக்கு முதல்வரானார்.

அது பேரரசின் ஆடம்பரக் கூடம் என்பதை மறக்கவேண்டியதில்லை. அடிமைப்பட்ட நாட்டின் கலை ஆண்டவரின் விருந்துக்கூடத்துக்கு அழைக்கப்பட்ட கதை அது. ஆனாலும் அந்தப் பேரரசே கைவினைஞரை அழைத்து, இடத்தைக் காட்டி, காலம் கொடுத்து, பெயரைக் காத்தது. இதே காலத்தில் எதிர்வழி ஒன்றும் இருந்தது. அமெரிக்க அலங்கார வல்லுநர் லாக்வுட் டி ஃபாரஸ்ட் 1881இல் மகன்பாய் ஹுதீசிங்கோடு சேர்ந்து அகமதாபாத்தில் மரவேலைப் பட்டறை ஒன்றை நிறுவினார். அங்கே செதுக்கிய தேக்குப் பலகைகள் கப்பலேறி நியூயார்க் செல்வர்களின் சுவர்களுக்கும் கணப்புகளுக்கும் அணியாயின. வேலை நேர்த்தியானது, பட்டறையில் பலர்க்குக் கூலியும் கிடைத்தது. ஆனால் டி ஃபாரஸ்டின் பெயரை அறிந்த கலைவரலாறு உளிபிடித்தவர்களின் பெயர்களை அறியவில்லை. கரியாஹாட்டின் சுதந்திர இந்தியக் குடிமகன் இவ்விரு வழிகளில் எதைத் தேர்கிறார்? டி ஃபாரஸ்டின் வழியைக்கூட அன்று. அவரிடமாவது பட்டறை இருந்தது. இங்கே பிசின் அச்சும் கணினி வெட்டுக் கருவியும் இருக்கின்றன.

அப்படி வாங்கிய பொருள் அந்த இடத்தில் கண்ணுக்கேனும் இனிதாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. தலைக்கு மேல் உயரத்தில் நிற்கும் புடைப்புச் சிற்பம் கீழிருந்து பார்க்கப்படுவது. அதற்கேற்ப முகம் சற்றே முன்சாய வேண்டும். மேற்பகுதியின் உருவங்கள் பெரிதாகவும் வெட்டு ஆழமாகவும் அமைய வேண்டும். கோபுரத்துச் சுதைச் சிற்பிக்கு இது பாலபாடம். கண்மட்டத்துக்கென்று செதுக்கிய ஓட்டைப் பத்தடி உயரத்தில் வைத்தால் தெரிவது தாடையும் தூசியும் மட்டுமே. புடைப்புக்கு உயிர் தருவது பக்கவாட்டு ஒளி. அலங்கார நிபுணர் மாட்டுவதோ நேருக்கு நேர் பாயும் விளக்கு. நிழலைக் கொன்றுவிட்டுச் சிற்பத்தைக் காட்ட முயல்கிறார்கள். கங்கைச் சமவெளியின் ஈரச்சுவரில் உப்புப் பூக்கும், மழைக்காலத்தில் மரம் ஊதும், கீழே மின்கணப்பின் வெப்பக்காற்று பட்டால் காய்ந்து பிளக்கும், கரையான் தனி. சிமென்டில் பதித்த பழைய சுடுமண் ஓட்டைச் சிமென்டின் உப்பே அரிக்கும். மீட்பு என்று வந்தது சில ஆண்டுகளில் மெல்லச் சாகிறது.

மூன்றாம் எதிர்வாதம் பரிதாப வாதம்: நல்ல சிற்பிகள் இப்போது எங்கே கிடைக்கிறார்கள்? கரியாஹாட்டில் இருந்துகொண்டு இக்கேள்வியைக் கேட்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். ஏக்டாலியா, சிங்கி பார்க், இந்துஸ்தான் பார்க் என்று ஆண்டுதோறும் துர்க்கை பூசைக்கு நகரமே திரண்டு வரும் வட்டாரம் அது. ஐந்து நாள் நின்று கரைந்துபோகும் கலைக்காகப் பல மாதங்களுக்கு முன்பே கலைஞர் அழைக்கப்படுகிறார், இடம் அளக்கப்படுகிறது, கருப்பொருள் பேசப்படுகிறது, பந்தலின் முகப்பில் சிற்பியின் பெயரும் வடிவமைத்தவரின் பெயரும் பெரிய எழுத்தில் நிற்கின்றன. 2021இல் யுனெஸ்கோ கொல்கத்தாவின் துர்க்கை பூசையை மானுடத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. தெருவில் இவ்வளவு நாகரிகம் அறிந்த வட்டாரம், வீட்டுக்குள் நுழைந்ததும் பெயரற்ற பிசின் தலைக்கு ஏன் இறங்கிவிடுகிறது?

சிற்பிகள் இருக்கிறார்கள். பாங்குரா மாவட்டத்துப் பஞ்ச்முராவில் குயவர் குதிரை மட்டும் செய்வதில்லை. நாகங்கள் அடுக்கடுக்காக எழும் மனசாசாலி என்னும் உயர்ந்த சுடுமண் வடிவத்தையும் செய்கிறார்கள். உயரமான மாடத்துக்கு எதைச் செய்வது என்று அவர்களுக்குக் கற்பிக்கவேண்டியதில்லை. பஞ்ச்முராவின் சுடுமண் கலைக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிழக்கு வர்த்தமான் மாவட்டத்து நதுன்கிராமில் மரத்தில் ஆந்தையும் அரசன் அரசியும் செதுக்கும் குடும்பங்கள் உள்ளன. அவர்கள் சூத்திரதார் என்னும் குடியினர். வங்காளத்தின் சுடுமண் கோயில்களைக் கட்டியவர்களும் அக்குடியினரே. மரம், கல், மண், ஓவியம் ஆகிய நான்கும் அவர்தம் தொழில்கள். சூத்திரதார் என்றால் நூல் பிடிப்பவர். நெடுநல்வாடையில் நூல் பிடித்து அரண்மனைக்கு அளவு குறித்தவர்களின் வங்காளத்து உறவினர் என்றே அவர்களைச் சொல்லலாம். தமிழ்நாட்டில் அரும்பாவூரும் கள்ளக்குறிச்சியும் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்று நிற்கின்றன. கரியாஹாட்டுக்குத் தெற்கே சற்றுத் தொலைவில், தட்சிணாபண் வளாகத்தில், பல மாநிலக் கைவினை அங்காடிகள் ஒரே முற்றத்தைச் சுற்றி இருக்கின்றன. விசாரிக்க மனமிருப்பவர்க்கு வழி அங்கிருந்தே தொடங்கும்.

எனவே கோரிக்கை எளிது. கணப்புக்கு மேல் மாடம் கட்டிவிட்டவர் முதலில் அதை ஓராண்டு வெறுமையாக விட்டுப் பார்க்கட்டும். சிலையின்றி நிற்கும் கோட்டங்கள் தமிழ்க் கோயில்களில் ஏராளம். அரைத்தூணும் தோரணமும் நிழலுமே அங்கு அழகுக்குப் போதுமாயிருக்கின்றன. வெறுமையைப் பொறுக்கமுடியாதவர் உயிரோடிருக்கும் ஒரு சிற்பியை வீட்டுக்கு அழைக்கட்டும். போகவர வண்டிச்சத்தம் கொடுத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, சுவரைக் காட்டி, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவரே பார்த்துச் சொல்லும்வரை காத்திருக்கட்டும். முன்பணம் தரட்டும், பேரம் பேசி உளியின் கூலியைக் குறைக்காதிருக்கட்டும். வேலை முடிந்தபின் அடியில் அவருடைய பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் பொறிக்கச் சொல்லட்டும். பழம்பொருள்தான் வேண்டும் என்பவர் ஊரும் உரிமையும் பதிவும் எழுத்தில் தராத கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பட்டும்.

அடுக்ககம் கட்டுவோர்க்கும் ஒரு சொல். வரவேற்பறையின் உள்மாடத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைத் தெருப்பக்கச் சுவருக்கு ஒதுக்கினால் என்ன? நுழைவாயிலின் மேல் ஒரு சுடுமண் வரிசை, மாடிப்படியின் காற்றுத் துளைகளில் பூவேலை, கிராதியில் ஒரு சூரியன். அந்த மனையில் முன்பு நின்ற வீடு தெருவுக்குத் தந்துவந்தவை இவை. வீட்டை இடித்தவர் அந்தக் கடனைத் தெருவுக்குத் திருப்பித் தரவேண்டும். சந்தையிலிருந்து மீன்பையோடு திரும்புபவர் நின்று நிமிர்ந்து பார்ப்பதற்குக் கரியாஹாட்டில் மீண்டும் ஒரு சுவர் வேண்டும்.